ஒரு டிஸ்க் போனதும் 19 நாள் தெரியாமல் இருந்ததும்: யாழ்ப்பாணத்துச் சேர்வர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, சிறிய இணைய நிறுவனம் ஒன்று இருக்கிறது. பழைய மாணவர் சங்கங்கள், கோயில்கள், ஊர் ஒன்றியங்கள், சில கடைகள் என்று நூற்றுக்கு மேற்பட்ட இணையத்தளங்களையும் அவற்றின் மின்னஞ்சல்களையும் தங்கள் அலுவலகத்துச் சேர்வரிலேயே வைத்து நடத்துகிறார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அந்தச் சேர்வரில் ஒரு டிஸ்க் பழுதாகி, அதைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். பெயர் போடாமல் எழுதலாம் என்று உரிமையாளர் சம்மதித்ததால் நடந்ததை முழுக்க எழுதுகிறேன். "எங்களிட்ட ரெய்ட் இருக்கு, ஒண்டும் போகாது" என்ற பேச்சை இங்கே பல அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன். ரெய்ட் என்பது பல டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு போகாமல் அமைக்கும் வழி. அது தருவது அவகாசம் மட்டுந்தான். அந்த அவகாசம் எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சம்பவம் நல்ல சான்று.

நடந்தது

முதல் முறைப்பாடு கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்தது. கோயில் ஒன்றின் திருவிழாப் படங்கள் திறக்க நெடுநேரம் எடுக்கிறது என்று அங்கிருந்த பரிபாலன சபைக்காரர் ஒருவர் இரவில் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் குவிவது வழமை என்பதால் நிறுவனத்தார் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த இரண்டு நாளில் இன்னும் இரண்டு தளங்களிலிருந்து அதே குறை வந்தது. அப்போதுதான் உரிமையாளர் என்னை அழைத்தார். "அண்ணை, லைன் பிரச்சினை போல கிடக்கு, ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்றார்.

லைனில் ஒரு பிழையும் இல்லை. சேர்வருக்குள் போய் ரெய்ட் நிலையைப் பார்த்தேன். அதன் இயங்குதளமான லினக்ஸில், நான்கு டிஸ்கும் நலமாக இருந்தால் நான்கு 'யூ' எழுத்துகள் வரிசையாக நிற்கும். இங்கே மூன்றாவது எழுத்துக்குப் பதிலாக ஒரு அடிக்கோடு நின்றது. பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினால், அந்த டிஸ்க் தொகுதியிலிருந்து வெளியேறி 19 நாள் ஆகியிருந்தது.

மென்பொருள் தன் கடமையைச் செய்திருந்தது. டிஸ்க் விழுந்த நிமிடமே எச்சரிக்கை மின்னஞ்சல் ஒன்று போயிருக்கிறது, அப்புறம் நாளுக்கொன்றாக நினைவூட்டலும். போய்ச் சேர்ந்த முகவரி, முன்பு அங்கே வேலை செய்துவிட்டுக் கனடா போய்விட்ட தம்பி ஒருவருடையது. அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை.

ஒரு டிஸ்க் போயும் தளங்கள் எப்படி நின்றன

பல சாதாரண டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் மற்றவற்றிலிருந்து தரவை மீட்கும்படி அமைக்கும் இந்த வழியை 1988இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஒரு ஆய்வுக் கட்டுரையில் முறையாக வகைப்படுத்தினார்கள். இன்றைக்கும் பல வெப் ஹோஸ்டிங் சேர்வர்கள் அந்த வகைகளிலும் அவற்றிலிருந்து வளர்ந்தவற்றிலும்தான் ஓடுகின்றன.

இந்தச் சேர்வரில் இரண்டு தொகுதிகள். இயங்குதளமும் தரவுத்தளங்களும் இரண்டு எஸ்எஸ்டிகளில் (சுழலும் பாகம் இல்லாத டிஸ்குகளில்), ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதும் ரெய்ட் 1 முறையில் இருந்தன. அதில் பிரச்சினை எதுவும் இல்லை. படங்கள், மின்னஞ்சல்கள், ஸ்கேன் செய்த மலர்கள் எல்லாம் 4 டெராபைட் டிஸ்குகள் நான்கில், ரெய்ட் 5 முறையில் இருந்தன. நான்கு டிஸ்க் போட்டால் மூன்றின் இடம், அதாவது 12 டெராபைட், பாவிக்கலாம். ஒரு டிஸ்கின் அளவு 'பாரிட்டி' எனப்படும் மீட்புக் கணக்குக்குப் போகும். அந்தக் கணக்கு ஒரே டிஸ்கில் குவியாமல் நான்கிலும் மாறி மாறி எழுதப்படும்.

கணக்கு மிக எளிது. மூன்று டிஸ்கில் ஒரே வரிசையில் 1, 0, 1 என்று இருக்கிறது என்று வைப்போம். ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டை, ஆகவே நான்காவதில் 0 எழுதப்படும். ஒற்றையாக இருந்திருந்தால் 1 எழுதப்படும். இப்போது நடு டிஸ்க் போய்விட்டது. மிஞ்சியவை 1, 1, 0. நான்கிலும் சேர்த்து ஒன்றுகள் இரட்டையாக இருக்கவேண்டும், இருப்பதும் இரண்டு, ஆகவே போனது 0. இதையே கோடிக்கணக்கான தடவை செய்தால் முழு டிஸ்கும் திரும்ப வந்துவிடும்.

படங்கள் தாமதமாகத் திறந்ததன் காரணமும் இதுதான். போன டிஸ்கிலிருந்த ஒவ்வொரு துண்டுக்கும் மிஞ்சிய மூன்றையும் படித்துக் கணக்குப் போடவேண்டும். ஒரு வாசிப்பு மூன்றாகும். சாதாரண நாளில் அது தெரிந்திருக்காது. திருவிழாக் கூட்டம் வந்ததால் தெரிந்தது. உண்மையில் அந்தக் கூட்டத்துக்கு நன்றி சொல்லவேண்டும். ரெய்ட் பழுதை அவ்வளவு நேர்த்தியாக மறைத்துவிட்டது. கூட்டம் இல்லாத மாசி மாதத்தில் இது நடந்திருந்தால் இரண்டாவது டிஸ்கும் விழும்வரை யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். ரெய்ட் 5இல் இரண்டாவது விழுந்தால் முழுத் தொகுதியும் போய்விடும்.

ஏன் விழுந்தது

கேபிள் கழன்றாலும் டிஸ்க் வெளியேறும். ஆகவே முதலில், டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் தகவலில் 199ஆம் இலக்கத்தைப் பார்த்தேன். அது கேபிள் வழித் தரவுப் பிழைகளை எண்ணுவது. அங்கே பூச்சியம். பழுதான செக்டர்களுக்கு (தரவு எழுதும் சிறு கட்டங்களுக்கு) பதில் மாற்றிடம் கொடுத்ததை எண்ணும் 5ஆம் இலக்கமோ ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. டிஸ்க்தான் பழுது.

நான்கு டிஸ்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கியவை. நான்கும் ஏறத்தாழ 24,000 மணிநேரம் ஓடியிருந்தன. ரெய்ட் கணக்குப் போடுகிறவர்கள் டிஸ்குகள் தனித்தனியாகச் சாகும் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒரே தொகுப்பில் தயாராகி, ஒரே வெக்கையில், ஒரே வேலை செய்தவை கிட்டத்தட்ட ஒரே காலத்தில் தளர்வதே நான் அதிகம் கண்டது.

வெக்கை என்று சொன்னேன். அந்த அறையில் ஏசி இருக்கிறது, இன்வேர்ட்டரும் இருக்கிறது. கரண்ட் போனால் இன்வேர்ட்டர் சேர்வரையும் ரவுட்டரையும் தாங்கும், ஏசியைத் தாங்காது. 2022 பங்குனி (மார்ச்) முடிவில் நாடு முழுக்க 13 மணிநேர மின்வெட்டு இருந்த காலத்துக்குப் பிறகு இங்கே பலர் இப்படித்தான் அமைத்துக்கொண்டார்கள். கதவு பூட்டிய சின்ன அறையில், வெயில் கொளுத்தும் மதியத்தில், சேர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், காற்று மட்டும் நின்றுவிடும். வெப்பப் பதிவைப் பார்த்தால் வழமையில் 34 பாகை செல்சியஸில் நிற்கும் டிஸ்குகள் அந்த நேரங்களில் 52 வரை ஏறியிருந்தன. அதிலும் நடுத் தட்டில் இருந்த மூன்றாவது டிஸ்க் எப்போதும் மற்றவற்றைவிட சூடாக இருந்தது. விழுந்ததும் அதுதான்.

முதலில் பிரதி, பிறகு மீளமைப்பு

உரிமையாளர் சேர்வரை ஒருமுறை நிறுத்திப் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று மறித்தேன். கிட்டத்தட்ட மூன்று வருடமாக நிற்காமல் சுழன்ற டிஸ்க், நின்று ஆறினால் மறுபடி சுழலாமல் போகலாம். ஒழுங்காக நிறுத்தாமல் கரண்ட் போனால் நிலைமை இன்னும் மோசம். ஒரு டிஸ்க் குறைந்த ரெய்ட் 5 எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால், தரவும் பாரிட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க வழி இல்லாததால், லினக்ஸ் அந்தத் தொகுதியைத் தானாகத் தொடக்க மறுத்துவிடும். 2025 மாசி (பெப்ரவரி) 9ஆம் திகதி நாடு முழுதும் இருண்டதே, அப்படி ஒன்று அந்த 19 நாளில் வந்து இன்வேர்ட்டரும் வற்றியிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

அடுத்த கேள்வி, பக்கப் எங்கே என்பது. தினமும் இரவு பக்கப் எடுக்கப்படுகிறது என்றார்கள். தேடிப் பார்த்தால் அது எழுதப்படும் இடம் அதே நான்கு டிஸ்க் தொகுதி. வெளியே இருந்த ஒரே பிரதி, கோண்டாவிலில் உரிமையாளரின் வீட்டு அலுமாரியில் இருந்த ஒரு 8 டெராபைட் யூஎஸ்பி டிஸ்க். அதுவும் இரண்டு மாதம் பழையது. இருந்தாலும் அது இருந்தது நல்ல காலம்.

புது டிஸ்க் போட்டு உடனே மீளமைப்பைத் தொடங்குவோம் என்பது உரிமையாளரின் எண்ணம். யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் மீளமைப்பு என்பது மிஞ்சிய மூன்று டிஸ்கையும் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை படித்து, போனதைக் கணக்கிட்டுப் புது டிஸ்கில் எழுதுவது. படிக்கவேண்டியது மட்டும் 12 டெராபைட். இந்த வகை டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் உத்தரவாதம், 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுகள் படித்தால் மீட்க முடியாத பிழை ஒன்றுக்கு மேல் வராது என்பது. பைட்டில் சொன்னால் 12.5 டெராபைட். நடைமுறையில் டிஸ்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்ளும், உண்மைதான். ஆனால் இங்கே முதலாவது டிஸ்கின் 197ஆம் இலக்கத்தில் ஏற்கனவே 8 என்று நின்றது. படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள் எட்டு. மீட்புக் கணக்குக்கு மூன்றும் முழுதாக வேண்டிய நேரத்தில் அவற்றில் ஒன்று ஏற்கனவே தடுமாறிக்கொண்டிருந்தது.

ஆகவே முதலில் பிரதி. கோண்டாவிலிலிருந்து அந்த யூஎஸ்பி டிஸ்கைக் கொண்டுவந்து இணைத்து, கடந்த இரண்டு மாதத்தில் புதிதாக வந்தவற்றையும் மாறியவற்றையும் மட்டும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் மென்பொருள் மூலம் எடுத்தோம். மின்னஞ்சல் முதலில், பிறகு தளங்களின் கோப்புகள், கடைசியாகப் படங்கள். பாவனையில் இருந்தது 5 டெராபைட் அளவு. அதில் மாறியது சிறு பங்குதான். டிஸ்குகளுக்கு அதிகச் சிரமம் கொடுக்காமல் விடியுமுன் முடிந்தது.

அந்த இரவே புது டிஸ்க் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறியிருந்தது. சேர்வருக்கு ஏற்ற வகை யாழ்ப்பாணத்தில் கையிருப்பில் இல்லை. ஒரு கடையில் அதே கொள்ளளவில் விலை குறைந்த ஒன்று இருந்தது, ஆனால் அது எஸ்எம்ஆர் முறையில் எழுதுவது. தடங்களை ஓட்டு வேய்வதுபோல ஒன்றின்மேல் ஒன்றாகப் படிய எழுதி இடத்தை மிச்சம் பிடிக்கும் முறை அது. சேமித்து வைக்கச் சரி, தொடர்ச்சியாக எழுதும்போது படுத்துவிடும். மீளமைப்பில் நாள்கணக்கில் இழுக்கும். 2020இல் பெரிய தயாரிப்பாளர்கள் சிலர் இதை வெளிப்படையாகச் சொல்லாமல் விற்றது தெரியவந்து பெரும் சர்ச்சையானது. வாங்குமுன் மாடல் இலக்கத்தைத் தேடிப் பார்ப்பது அதனால்தான் அவசியம். கொழும்பு, பம்பலப்பிட்டியில் ஒருவரிடம் சொல்லி வேறு தயாரிப்பாளரின் டிஸ்க் இரண்டை அனுப்பச் சொன்னோம். காலையில் பஸ் நிலையத்தில் போய் எடுத்தாயிற்று.

கழற்றும்போது இருந்த பயம் வேறு. தட்டுகள் நான்கும் ஒரே மாதிரி. எதில் எந்த டிஸ்க் என்று எழுதவில்லை. லினக்ஸ் கொடுக்கும் பெயர் வரிசையும் தட்டு வரிசையும் ஒத்துப்போகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. தவறான ஒன்றை இழுத்தால் அந்த நொடியே எல்லாத் தளமும் விழும். தொடர் இலக்கம் டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும், ஆனால் வெளியே இழுக்காமல் அதைப் பார்க்க முடியாது. ஆகவே நலமான மூன்றையும் ஒவ்வொன்றாகச் சிறிது நேரம் படிக்கவிட்டு, எந்த விளக்கு மினுங்குகிறது என்று பார்த்து, தட்டின்மேல் பிளாஸ்டர் ஒட்டி இலக்கத்தின் கடைசி நான்கு எழுத்துகளை எழுதினோம். மூன்றிலும் பிளாஸ்டர் ஏறியபின், எதுவும் ஒட்டாமல் நின்ற தட்டை இழுத்தோம். வெளியே வந்த டிஸ்கின் இலக்கம் பதிவேட்டில் இருந்ததோடு பொருந்தியது.

எட்டு செக்டர்

மீளமைப்பு அன்று இரவு தொடங்கி மறுநாள் மாலைவரை ஓடியது. வேலை ஒன்றும் இல்லாத சேர்வரில், வினாடிக்கு 120 மெகாபைட் வேகத்தில், 4 டெராபைட்டுக்கு 9 மணிநேரத்துக்குச் சற்று மேல் போதும். தளங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது மென்பொருள் அவற்றுக்கு வழிவிட்டுத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அறைக் கதவைத் திறந்துவிட்டு, மேசை விசிறி ஒன்றை நேரே திருப்பி வைத்தோம்.

பாதிக்கு மேல் போனபின் எதிர்பார்த்த பிழை வந்தது. முதலாவது டிஸ்கில் அந்த எட்டு செக்டரும் படிக்கவில்லை. பழைய மென்பொருளாக இருந்திருந்தால் மீளமைப்பு அங்கேயே நின்றிருக்கும். இப்போதைய லினக்ஸ் மோசமான இடங்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்த இடத்தைப் பட்டியலில் குறித்துவிட்டு மேலே போனது. எட்டு செக்டர் என்றால் 4096 பைட். 12 டெராபைட்டில் இது ஒன்றுமே இல்லைப்போலத் தெரியும்.

அந்த இடம் எந்தக் கோப்புக்குச் சொந்தம் என்று கோப்பு முறைமையிடம் கேட்டுப் பார்த்தோம். ஒரு பாடசாலையின் பழைய மலர், பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்கியது. 1995 ஐப்பசியில் (ஒக்டோபர்) போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதி முழுதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது வீட்டுப் புத்தகங்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு போக முடிந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் இங்கே பழைய பாடசாலை மலர் ஒன்று கிடைப்பதே அரிது. இந்த மலர் யாரோ ஒரு ரீச்சர் பாதுகாத்து வைத்திருந்ததை வாங்கி ஸ்கேன் செய்தது. அந்தக் கோப்பைத் திறந்தால் நடுவில் நின்றுவிடுகிறது.

ஆர்சிங்க் பழைய கோப்புகளைத் தொடவில்லை என்பதால் கோண்டாவில் பிரதியில் இரண்டு மாதத்துக்கு முந்தைய நல்ல கோப்பு அப்படியே இருந்தது. திறந்து கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டு அதைத் திரும்பப் போட்டோம். ஆக, மற்ற எல்லாவற்றையும் ரெய்ட் காப்பாற்றியது. அந்த மலரைக் காப்பாற்றியது அலுமாரியில் இருந்த டிஸ்க்.

இதில் என்னை உண்மையாகவே வருத்தியது ஒன்று. இந்த எட்டு செக்டர் பிரச்சினை வந்திருக்கவே தேவையில்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, நடுநிசி கழிந்து 12.57க்கு, ரெய்ட் தொகுதி முழுவதையும் படித்துப் பார்க்கும் சோதனை ஒன்று தானாகத் தொடங்கும். நான்கு டிஸ்கும் நலமாக இருக்கும்போது ஒரு செக்டர் படிக்காவிட்டால், மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டு அங்கேயே திருத்தி எழுதிவிடும். இந்தச் சேர்வரில் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். நம் ஞாயிறு நடுநிசி, ரொறன்ரோவில் சனிக்கிழமை பின்னேரம்; ஊர்த் தளங்களுக்கு ஆட்கள் அதிகம் வரும் நேரம். சோதனை ஓடினால் தளங்கள் மெதுவாகிவிடும் என்று யாரோ அணைத்துவிட்டார்கள். நேரத்தை மாற்றினாலே போதுமாயிருந்தது. இப்போது அது புதன்கிழமை காலை 10 மணிக்கு, வேக வரம்போடு தொடங்குகிறது. அப்போது ரொறன்ரோவில் நடுநிசியை ஒட்டிய நேரம், லண்டனில் அதிகாலை.

ரெய்ட் தொடாத இடங்கள்

டிஸ்க் பழுதைத் தவிர வேறெதையும் ரெய்ட் அறியாது. யாராவது ஒரு கோப்பை அழித்தால் நான்கு டிஸ்கிலும் ஒழுங்காக அழிக்கும். கப்பம் கேட்கும் வைரஸ் பூட்டினால் பூட்டியதையே பத்திரமாக வைத்திருக்கும். 2023இல் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் முகில் அமைப்பு அப்படி ஒரு தாக்குதலுக்கு ஆளாகி, வைகாசி (மே) 17 முதல் ஆவணி (ஓகஸ்ட்) 26 வரையான தரவு போய்விட்டது. அந்தக் காலத்துத் தரவுக்குத் தனியாக வேறிடத்தில் வைத்த பிரதி இருக்கவில்லை. 2021 பங்குனி 10ஆம் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க்கில் பெரிய தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்தபோது, உள்ளே இருந்த சேர்வர்கள் எந்த ரெய்ட் வகையில் இருந்தன என்பது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

ஹோஸ்டிங் வாங்குகிறவர்களும் இதைக் கேட்டு வாங்கவேண்டும். "ரெய்ட் இருக்கா" என்பதோடு நிறுத்தாமல், டிஸ்க் விழுந்தால் யாருடைய போனுக்குத் தகவல் போகும், பக்கப் வேறு கட்டடத்தில் இருக்கிறதா, கடைசியாக எப்போது அதிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்பவரிடம் நான் நம்பிக் கொடுப்பேன்.

மாற்றியவை

இரண்டாவது புது டிஸ்கையும் சேர்த்து, சேர்வரை நிறுத்தாமலே ரெய்ட் 5ஐ ரெய்ட் 6 ஆக்கினோம். இப்போது ஐந்து டிஸ்க், இடம் அதே 12 டெராபைட், எந்த இரண்டு விழுந்தாலும் தாங்கும். டிஸ்குகளைச் சோடி சோடியாக வைத்து ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதும் ரெய்ட் 10 நல்லது என்று வாதிடுபவர்கள் உண்டு. எழுதும் வேகமும் மீளமைப்பு வேகமும் அதில் கூட. தரவுத்தளம் இந்த டிஸ்குகளில் இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் அதில் ஒரு சோடியின் இரண்டு டிஸ்கும் ஒன்றாகப் போனால் எல்லாம் போச்சு. ஒரே வயதுள்ள மூன்று பழைய டிஸ்குகள் இன்னும் உள்ளே இருக்கும்போது அந்த ஆபத்தை ஏற்க மனம் வரவில்லை. தடுமாறிய முதலாவது டிஸ்கை அடுத்து மாற்றுவதாகத் திட்டம்.

மென்பொருளுக்குப் பதிலாக ரெய்ட் வேலையைச் செய்யும் தனி அட்டை ஒன்று வாங்கலாமா என்றும் கேட்டார்கள். பற்றரி வைத்த நல்ல அட்டைக்கு அதன் பலன் உண்டு. ஆனால் அட்டை பழுதானால் அதே வகை அட்டையைத் தேடவேண்டும்; யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதைத் தேடும் கஷ்டம் எனக்குத் தெரியும். மென்பொருள் ரெய்ட் என்றால் டிஸ்குகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் பூட்டினால் அடையாளம் கண்டுகொள்ளும்.

எச்சரிக்கை இப்போது மூன்று பேரின் போனுக்கு வருகிறது. வந்துசேர்கிறதா என்று மாதம் ஒருமுறை பொய் எச்சரிக்கை அனுப்பிப் பார்க்கிறார்கள். பக்கப் ஒவ்வோர் இரவும் கோண்டாவில் வீட்டில் உள்ள வேறொரு கணினிக்குப் போகிறது; யூஎஸ்பி டிஸ்க் வாரம் ஒருமுறை இணைக்கப்பட்டு, முடிந்ததும் கழற்றப்படுகிறது. கரண்ட் போய் அறை வெப்பம் கூடினாலோ, இன்வேர்ட்டர் பற்றரி இறங்கினாலோ சேர்வர் தானே ஒழுங்காக நின்றுவிடும். தளங்கள் ஒரு மணிநேரம் தெரியாமல் போகும் என்று வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லியாயிற்று. யாரும் கோபிக்கவில்லை.

பழுதான டிஸ்குக்கு உத்தரவாதக் காலம் இன்னும் இருந்தது. கொடுத்தால் புதிது கிடைத்திருக்கும். ஆனால் ரெய்ட் 5இல் ஒரு தனி டிஸ்கில் இருப்பது குப்பை அல்ல. தரவு 512 கிலோபைட் துண்டுகளாகப் பிரிந்து எழுதப்படுகிறது. சிறிய மின்னஞ்சல் ஒன்று முழுதாக ஒரே துண்டுக்குள் அடங்கிவிடும். யாருடைய கடிதமோ, யாருடைய வங்கிக் கணக்கு விவரமோ அதில் அப்படியே இருக்கலாம். சுத்தமாக அழிப்பதற்கு டிஸ்க் ஒத்துழைக்கவும் இல்லை. ஆகவே உத்தரவாதத்தை விட்டுவிட்டு, லேத் பட்டறை ஒன்றில் கொடுத்து டிஸ்கின் உள்ளே சுழலும் தகடுகளில் துளை போட்டுவித்தோம். தொகுதியை மறைகுறியாக்கி வைத்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். அதை முதலாவது டிஸ்கை மாற்றும்போது செய்வது முடியாது, தொகுதி முழுவதையும் புதிதாக அமைக்கவேண்டும். திருவிழா இல்லாத மாதம் ஒன்றைப் பார்த்து அதற்கு நாள் குறித்திருக்கிறோம்.